எங்கே வேண்டுமானாலும்

"எங்க வேணாலும் வையுங்க" என்றார் தொம்மை.
எங்கே வேண்டுமானாலும் என்றோர் இடம்
எந்தக் காரிலும் கிடையாது.

ஷுவைக். ஆகஸ்ட். மதியம் இரண்டு.
ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தோம்.
அவருடைய பழைய கேம்ரியின் கதவைத்
துணி சுற்றித்தான் திறந்தேன்.

ஆம்ப்ளிஃபயரை பானெட்டுக்குள் கேட்பவர்கள் உண்டு,
பேட்டரி பக்கம், ஒயர் மிச்சம் என்று.
ஒரு பக்கம் இன்ஜின், மறு பக்கம் குவைத்,
நடுவில் அது எத்தனை நாள் பாடும்?

சப்வூஃபர் பெட்டியின் முதுகில் மாட்டலாம், லட்சணமாக.
ஒவ்வொரு அடிக்கும் பெட்டி அதிரும்.
ஆறாவது மாதம் உள்ளே ஒரு சால்டர் விட்டுப்போகும்,
இடதுபக்கம் ஊமையாகும்,
கடையின் பெயரோடு என் பெயரும் சேர்த்துத் திட்டு வாங்கும்.

டிக்கித் தரையென்றால்
துளைக்கும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்.
பார்க்காதவன் நான்தான்.
போன வருஷம், ஒரு வெள்ளை பஜேரோ.
துளை வழியே முதலில் வாசனை வந்தது.
நௌஃபல் ட்ரில்லின் பிளக்கைப் பிடுங்கினான்,
ஒன்றும் பேசவில்லை.
வாசலில் சிகரெட்டோடு நின்ற வண்டிக்காரரை நோக்கி
இருவரும் சிரித்துக்கொண்டே நடந்தோம்,
ஓடாமல்.

பின் ஷெல்ஃபின் அடியில், தலைகீழாக?
சூடு மேலே ஏறும் சாமான்.
செட்டைகள் கீழே பார்த்துத் தொங்கினால்
விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும்.
ஃபர்வானியாவில் மூன்றடுக்குக் கட்டில்,
மேல்தட்டு என்னுடையது.
எனக்கு இதை யாரும் படம் போட்டு விளக்க வேண்டாம்.

ஆகவே முன்சீட்டுக்கு அடியில்.
ஏசிக் காற்று காலடிக்கு வரும், ஒயர் குறுகும்.
நாலு போல்ட் கழற்றிச் சீட்டைத் தூக்கினேன்:
மடித்த போர்வை,
சோப்பு டப்பா, பிரஷ்,
கவரில் ஒரு இஸ்திரிச் சட்டை.

"ஏர்போர்ட் சவாரிங்க, நடுவுல நேரம் இருக்காது"
என்றார் தொம்மை, நான் கேட்காமலே.
சீட்டைக் கடைசிவரை தள்ளிச் சாய்த்தால்
கால் நீட்ட இடம் வருமாம்.

சாமான்களைக் கலைக்காமல் திரும்ப வைத்தேன்.
சீட்டை மாட்டினேன்.
டிக்கிக்குள் நுழைந்து
பின்சீட்டின் முதுகில் பலகை அறைந்து
நின்றவாக்கில் மாட்டினேன், செட்டைகள் மேலும் கீழுமாக.
கரண்ட் ஒயர் இடப்பக்கம், சிக்னல் ஒயர் வலப்பக்கம்;
இரண்டையும் சேர்த்து ஓட்டினால்
ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம்
பாட்டுக்குப் பின்னால் ஒரு கொசு கத்தும்.
எர்த்துக்குப் பெயிண்டைச் சுரண்டினேன்,
பச்சை இரும்பு பளிச்சிடும்வரை.

நானூறு வாட்.
தொம்மை நாலாம் எண்ணில் வைத்து
கண்ணை மூடிக் கேட்டார்.
"இன்னும் ஏத்துங்கண்ணே, ஏறும்."
"வேணாம்ப்பா. ராத்திரி ஃபிளைட்ல வர்றவங்க
பின்னாடி தூங்குவாங்க.
மெதுவா வச்சாலும் ஒவ்வொரு வார்த்தையும் விழுதே,
அதுக்குத்தான்."

பில்லில் இரண்டு தினார் குறைத்தேன்.
ஃபோர்மேன் கேட்டதற்கு
ஒயர் கம்மியாகத்தான் பிடித்தது என்றேன்.
ஒன்றரை மீட்டர் கூடவே பிடித்திருந்தது.