கைக்குக் கை

மூன்று கத்திகளை மேசையில் வைத்தார் ஜௌபர்.
காத்தான்குடி பிரதான வீதி, பிற்பகல் இரண்டரை,
கடை முழுக்கப் பெயின்ற் வாசம்.

முதலாவது அழகு.
திசைகாட்டியும் குட்டி ரோர்ச்சும் பிடியிலேயே இருந்தன.
"ஒஃபிசர் ஆக்களெல்லாம் இதத்தான் கேக்குற."
நான் ஒஃபிசர் இல்லை.
உன்னிச்சைப் பக்கம் மாடுகளுக்கு ஊசி போடுகிறவள்.
திசை எனக்குத் தெரியும்,
சாணி மணக்கிற பக்கம்.

இரண்டாவது தொளாயிரம் ரூபாய்.
அதன் தமையனை எனக்குப் பழக்கம்.
போன மாரியில் பூபாலப்பிள்ளையின் நாகு
நைலோன் கயிற்றில் கழுத்து இறுகி
வாய்க்காலுக்குள் கிடந்தது.
கயிறு அறுபட முதல் பூட்டு விட்டது.
அலகு திரும்பி வந்து
என் சுட்டுவிரலில் மடிந்தது.
யாரோ காட்டுக்கத்தியோடு ஓடிவந்ததில் நாகு பிழைத்தது.
விரல் மழைக்கு இன்னும் குத்தும்.

மூன்றாவதை ஒரு கையால் திறந்தேன்.
மற்றக் கை எப்போதும் மாட்டிடம்தான் இருக்கும்.
'டிக்' என்றது, ஒரேயொரு சொல்.
இடமும் வலமும் அசைத்தேன்,
பால்பல் போல ஆடவில்லை.
அலகின் முதுகை மேசை விளிம்பில் தட்டினேன்.
பூட்டு சொன்ன சொல்லில் நின்றது.
"கறள் பிடிக்குமா?"
"உப்புக் காத்து, தங்கச்சி. என்ட ஷட்டரே கறள் பிடிச்சிட்டு.
எண்ணெய் போடுங்க."
அந்தப் பதில் எனக்குப் பிடித்தது.

கைப்பையிலிருந்து ஒரு முழம் கயிறு எடுத்தேன்,
அதே நைலோன்.
கேளாமலே மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.
இரண்டே இழுவை.
எங்கள் கைகளில் ஆளுக்கொரு துண்டு.

முன்பென்றால் இப்படியொன்றைப் பையில் போட்டுக்கொண்டு
வலையிறவுப் பாலம் தாண்ட ஏலாது.
அண்ணனிடம் பறித்தது ஒரு நகவெட்டி.
நகவெட்டியை மறந்துவிட்டார்.
அதற்குப் பிறகு வெயிலில் முழங்காலில் நின்ற
ஒன்றரை மணித்தியாலத்தை இன்னும் இல்லை.

இரண்டாயிரத்து நூறு. நூறைக் குறைத்தார்.
கத்தியை மடித்து நீட்டப் போனவர்
கையைத் தாழ்த்தி மேசையில் வைத்தார்.
"கைக்குக் கை குடுக்கப்படாது.
பகை வருமெண்டு உம்மா சொல்லுவா."
"எங்கட அம்மாவும்" என்றேன்.
அதற்கு மேல் இருவரும் ஒன்றும் பேசவில்லை.
மேசையிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

வெளியே மோட்டார்சைக்கிள் சீற் கொதித்தது.
நாலு மணிக்கு வவுணதீவில் ஒரு பசு,
கன்று குறுக்கே கிடக்கிறதாம்.
அதற்குக் கத்தி தேவைப்படாது
என்றுதான் நினைக்கிறேன்.