மூச்சு வாங்குதல்

ஊழியர்களுக்கு இலவசம் என்பதால்
முப்பத்தோரு வருடத்தில் ஒரு நாளும்
அந்தப் படிகளில் நான் கால் வைத்ததில்லை.

வால்பரைசோவில் ஊரே செங்குத்து.
கீழே துறைமுகம், மேலே வீடுகள்,
நடுவில் கம்பிவடம் இழுக்கும் இரண்டு பெட்டிகள்.
ஒன்று ஏறினால் மற்றது இறங்கும்.
சுழல்கதவுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு
சில்லறை வாங்கிக்கொண்டிருந்தேன்.
முட்டிவலிக்காரர்கள், முட்டைத் தட்டு சுமப்பவர்கள்,
முத்தமிட அந்த ஒன்றரை நிமிடம் போதும் என்கிற
பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்
எல்லோருக்கும் நூற்று அறுபத்திரண்டு படிகளை
மிச்சம் பிடித்துக் கொடுத்தேன்.

இப்போது வயிற்றை எடுக்க வேண்டும் என்கிறார்கள்.
முழுசாக.
கேட்டதும் வயிற்றில் புளியைக் கரைத்தது.
கரைக்கட்டும்,
இன்னும் ஐந்து வாரம்தானே அதற்கு இடம்.

நகராத சைக்கிளில் என்னை ஏற்றி
மூக்குக்கும் வாய்க்கும் சேர்த்து மூடி மாட்டி
மிதியுங்கள், மிதியுங்கள் என்றான் நிபால்டோ.
கண்ணில் பாதித் தூக்கம், காலில் மஞ்சள் சாக்ஸ்.
திரையில் என் மூச்சு இரண்டு கோடாய் ஓடியது,
வாங்கியது ஒன்று, விட்டது ஒன்று.
விட்டது வாங்கியதைத் தாண்டிய இடத்தில்
பேனாவால் குறி வைத்தான்.
ஒன்பது, என்றான்.
பதினொன்று இருந்தால் நிம்மதி.

எதில் ஒன்பது? யாருக்கு நிம்மதி?
மீன் கடையில் நிற்பதுபோல் கேட்டேன்.
அறுவை சிகிச்சை என்பது, சென்யோரா எர்மெலிண்டா,
படுத்துக்கொண்டே ஓடும் ஓட்டம்.
மயக்கம் தெளிந்த பிறகும் பல நாள் ஓட வேண்டும்.
கீமோ உங்கள் கால்களைத் தின்றிருக்கிறது.
படி ஏறுங்கள்.
எந்தப் படி என்றேன்.
ஜன்னலைப் பார்த்தான்.

முதல் நாள் இருபத்தெட்டு.
மேல்மூச்சு கீழ்மூச்சு,
அப்படியே என் இரண்டு பெட்டிகள்,
ஒரே வடத்தில், பாதி வழியில் மோதிக்கொள்ளாத குறை.
எரிவாயு சிலிண்டரைத் தோளில் வைத்திருந்த பையன்
சீட்டியடித்தபடி தாண்டிப் போனான்.
காலி சிலிண்டரோடு இறங்கி வரும்போதும்
நான் அதே படியில்.
டிக்கெட் அம்மா, பெட்டி ஓடலையா?
ஓடுது. உன் வேலையைப் பார்.

ஒன்பதாம் நாள் மழை.
என் ஸ்டூலில் இப்போது ஓஸ்மான்.
காசை நீட்டினேன், உன்னிடமா என்று தள்ளினான்.
உட்கார்ந்தபடி மேலே போய்ச் சேர்ந்தேன்,
நோட்டில் நூற்று அறுபத்திரண்டு என்று எழுதினேன்.
நிபால்டோ பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டான்.
அன்றிரவு கால் வலிக்கவில்லை.
அதனாலேயே தூக்கம் வரவில்லை.

பெட்டி ஜன்னலில் கடல் மட்டும்தான் தெரியும்.
படியில் மற்றதெல்லாம் தெரிகிறது:
யாரோ பியானோக் கட்டைகள் வரைந்த பதினாறு படிகள்,
எண்பத்தொன்றில் அவரைக்காய் வேகும் வாசனை,
தொண்ணூற்றாறு உடைந்தது,
தாண்டிவிட்டால் எண்ணிக்கை தப்பும்
என்பதால் அதையும் மிதிக்கிறேன்.
பெயரில்லாத நாய் ஒன்று கூட வருகிறது.
அதற்கு யாரும் இலக்கு சொல்லவில்லை.

மறுபடி சைக்கிள், மறுபடி மூடி.
நோட்டில் பொய் எழுதலாம்,
மூடிக்குள் முடியாது.
பத்து புள்ளி நான்கு.
டாக்டர் எச்செனிக்கே எண்ணைப் பார்த்தாள்,
பிறகு குனிந்து என் செருப்பைப் பார்த்தாள்,
குதிகால் ஒரு பக்கமாய்த் தேய்ந்திருந்தது.
பதினொன்று இல்லையே, என்றேன்.
இல்லை, என்றாள்.
வியாழக்கிழமை வாருங்கள்.

இன்று புதன்.
ஓஸ்மான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறான்,
இன்றைக்காவது?
பக்கத்துத் தண்டவாளத்தில் பெட்டி என்னைக் கடக்கிறது.
உள்ளே ஒரு சிறுமி கையாட்டுகிறாள்.
என் ஒரு கை கைப்பிடியில், மறு கை இடுப்பில்.
தலையை மட்டும் ஆட்டுகிறேன்.

நூற்றுப் பதிமூன்று.
நாயும் நிற்கிறது.
கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு