மறுகால்

பகல் இரண்டு ஐந்துக்குப் போன்.
சென்னையிலிருந்து வள்ளியூருக்கு வந்து,
அங்கிருந்து சப்ஸ்டேஷனுக்கு வந்து,
கடைசியில் என் சட்டைப்பைக்கு வந்த உத்தரவு:
"பத்தொன்பது மிஷினையும் நிறுத்துங்க.
லைன் தாங்கல."

ஆடிக் காற்று.
மலை இடுக்கில் நுழைந்து
ராதாபுரம் பொட்டலில் அவிழ்ந்து ஓடுகிறது.
பைக் ஸ்டாண்டில் நிற்கவில்லை.
தலையை விட்டுப் போன ஹெல்மெட்டைப் பிடிக்க
முருங்கை விளைக்குள் ஓடினேன்.

அங்கே செல்லத்தாய்,
வாய்க்காலில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு:
"ஏய்யா, மூணு பேஸ் எப்ப வரும்?"
"ஆறு மணிக்கு மேல."
அவள் நிமிர்ந்து நாற்பத்தேழாம் நம்பரைப் பார்த்தாள்.
அதன் இறக்கை நுனி திரும்பி,
சுற்று தளர்ந்து,
ஒன்று கீழே இரண்டு மேலே என்று
நின்றுகொண்டிருந்தது.
"காத்து இருக்கு, மிஷின் நிக்கி.
தண்ணி இருக்கு, மோட்டார் நிக்கி.
அப்ப எதுதான்யா ஓடுது?"

என் மீட்டர் ஓடுது என்று சொல்லவில்லை.
நிற்கிற மிஷினும் கரண்டு தின்னும்.
எண்ணெயைச் சூடாக வைக்க,
முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பி வைக்க.

நின்றதுதான் நின்றது,
எண்ணெய் ஒழுகும் சீலை மாற்றிவிடலாம் என்றான் ஞானதிரவியம்.
காற்று பதினாலைத் தாண்டினால் ஏறக்கூடாது.
தாண்டவில்லை என்று எழுதிவிட்டு ஏறினோம்.
புது சீல் எங்கும் கிடையாது,
செய்த கம்பெனியே இல்லை.
போன வருஷம் பிரித்துப் போட்ட
நாற்பத்துமூன்றின் மண்டையிலிருந்து எடுத்து வைத்தது இது.
நாற்பத்துமூன்று நின்ற இடத்தில்
அதைப்போல எட்டு மடங்கு பெரிசாய் ஒன்று வருகிறதாம்.
அதன் ஒரு இறக்கை
காவல்கிணறு முக்கில் திரும்ப முடியாமல்
நாலு நாளாக ரோட்டில் படுத்திருக்கிறது.
டிரைவர்கள் அதன் நிழலில் சோறு பொங்குகிறார்கள்.

மேலே இருந்து பார்த்தால் குளம் தெரியும்.
இப்போது வெடித்த மண்தான்.
ஐப்பசியில் நிறையும், கரை முட்டும்,
மறுகால் பாய்ந்து கீழக்குளம் போகும்,
அதுவும் நிறைந்தால் அதற்கும் கீழே ஒன்று.
வெட்டியவனுக்குத் தெரிந்திருக்கிறது:
நிறைவதற்குக் குளம், மீறுவதற்கு மறுகால்.
காற்றுக்கு நாங்கள் இன்னும்
ஒரு கரைகூடப் போட்டு முடிக்கவில்லை.

போடாமலும் இல்லை.
சித்திரையில் வந்தது பேட்டரிப் பெட்டி,
நாற்பதடி, வெள்ளை நிறம்.
அது நுழைய மூன்று புளியங்கிளை வெட்டி
மரக்காரருக்குத் தனியாக ஏழாயிரம் அழுதோம்.
எங்கள் பத்தொன்பதும் மூச்சு விட்டால்
ஒரு மணி நேரத்தில் அதற்கு வயிறு முட்டிவிடும்.
இன்றைக்குப் பன்னிரண்டுக்கே முட்டிவிட்டது.
அதற்கு ஏசி வேறு.
உப்புக்காற்றில் ஏசியின் செம்புக்குழாய்
மூன்றே மாதத்தில் பச்சை பூத்து,
புனேக்காரப் பையன் தினமும் வந்து
துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறான்,
குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல.
அறுபது நாள் காற்றை
ஒரு மணி நேரப் பாத்திரத்தில் பிடிக்கிறோம்.
சிரிக்கத் தோன்றுகிறது.
போன ஆடியில் அந்தப் பாத்திரமும் இல்லை,
அதனால் சிரிக்கவில்லை.

இறங்கிவந்து பதிவேடு.
நின்ற நேரம்: நாலேகால் மணி.
இழப்பு: பதினாறாயிரம் யூனிட், சுமாராக.
காரணம் என்ற கட்டம்
கட்டைவிரல் அகலம்தான்.
பழுது இல்லை, காற்றின்மை இல்லை.
"மறுகால்" என்று எழுதி,
அடித்துவிட்டு,
"மேலிட உத்தரவு" என்று எழுதினேன்.

ஆறு இருபதுக்கு, "ஓட்டுங்க."
ஒவ்வொன்றாகக் கண் விழித்தன.
நாற்பத்தேழு மட்டும் அசையவில்லை.
பேனலில் சிவப்பு.
ஞானதிரவியம் என்னைப் பார்த்தான்.
மேலே சர்வீஸ் சுவிட்சை
நான் திருப்பி வைக்கவில்லை.
"சவத்த" என்றான், மெல்ல.

மறுபடியும் பெல்ட், மறுபடியும் ஏணி.
இருநூற்றுப் பன்னிரண்டு படி.
தொண்ணூறாவது படியில் மூச்சு வாங்க நின்றபோது
இரும்புக் குழாய்க்குள் கேட்டது:
கீழே எங்கோ செல்லத்தாயின் மோட்டார்
இருமி, இருமி,
பிடித்துக்கொண்டது.