நூறு வரை

துண்டுச்சீட்டில் "நூறு வரை" என்று போட்டிருந்தது.
பழைய தமிழில் வரை என்றால் மலை.
நான் அப்படித்தான் படித்துவிட்டேன்.

அல்சூரில் இரண்டாவது மாடி, வாடகை வீடு.
நீலத் துணி தொங்கும் சுவருக்கு முன்னால்
கைகளால் பேசுவது என் பிழைப்பு.
டாக்டர் வாயால் சொல்வதைக்
காது கேளாதவருக்கு விரலால் சொல்ல வேண்டும்,
காமிரா வழியாக, மணிக்கு இவ்வளவு என்று.

செவ்வாய் சாயங்காலம் ஜெரால்டு
கோலாரில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார்.
விடிந்தால் பித்தப்பை அறுவை.
ராத்திரிக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது.
சைகை மொழியிலும், தமிழைப் போலவே,
மறுப்பு கடைசியில்தான் வரும்.
ராத்திரி போய்ச் சேர்ந்தது.
தண்ணீர் போய்ச் சேர்ந்தது.
குடி, அதுவும் போய்ச் சேர்ந்தது.
கூடாது என்று நான் கையை வீசியபோது
அவர் திரையில் உறைந்துபோயிருந்தேன்,
கட்டைவிரல் உதட்டருகே,
விருந்துக்கு அழைப்பவள் மாதிரி.

இரண்டு டம்ளர் குடித்திருக்கிறார்.
அறுவை வியாழனுக்குத் தள்ளிப்போனது.
யாரும் என்னைத் திட்டவில்லை.
அதுதான் தூங்கவிடவில்லை.

புகார் கொடுத்தேன். ருத்ரேஷ் வந்தார்.
ரவுட்டருக்கு ஒரு சாண் தள்ளி நின்று
தன் போனில் சோதித்தார்: தொண்ணூற்றாறு.
"சரியாகிதெ மேடம்."
அவர் கம்பெனி சர்வரை அவர் கம்பெனியே தொட்டுப் பார்த்த வேகம் அது.
கோலார் இன்னும் தூரத்தில் இருந்தது.
அளக்கிற நாழிக்கு அகவிலை தெரியுமா?

அவர் போனபின் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்
நானே எழுத ஆரம்பித்தேன்.
கூடம், தொண்ணூறு.
சமையலறைச் சுவர் தாண்டி, நாற்பத்தொன்று.
நீலத் துணிக்கு முன்னால், கதவு சாத்தி, இருபத்தாறு.
ராத்திரி எட்டரைக்கு
தெருவே கிரிக்கெட் பார்க்கும்போது பதினாலு.

எண்களிலும் ஒரு சூது.
விற்பது பிட். கோப்பு நிறைவது பைட்.
நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை.
எட்டால் வகுத்தால்தான்
எட்டுகிற தூரம் தெரிகிறது.

ஆனால் இதெல்லாம் இறங்குகிற கணக்கு,
எங்கிருந்தோ என் வீட்டுக்குள் வந்து விழுவது.
ஏறுகிற கணக்கைச் சீட்டில்
எறும்பெழுத்தில் போட்டிருந்தார்கள்: பத்து.
என் கைகளோ ஏற வேண்டியவை.

எஸ்.பி. ரோட்டில் பத்து மீட்டர் ஒயர் வாங்கி
கதவிடுக்கில் இழுத்து
மடிக்கணினியில் நேராகச் செருகினேன்.
சுவருமில்லை, காற்றுமில்லை இப்போது.
இறக்கம் தொண்ணூற்று நாலு.
ஏற்றம் ஒன்று புள்ளி ஒன்பது.

மீதி எட்டு எங்கே ஏறிப்போகிறது?

ரவுட்டருக்குள் நுழைந்து பட்டியலைப் பார்த்தேன்.
என் போன். என் மடிக்கணினி.
அப்புறம் எனக்குத் தெரியாத நாலு பேர்.
வீட்டுக்காரர் சித்தலிங்கையா
போன தசராவுக்கு "ஒரு நாளைக்கு மட்டும்" பாஸ்வேர்டு கேட்டிருந்தார்.
மாடிப்படியில் நாலு காமிரா.

கேட்டதும் பெருமையாகப் போனை நீட்டினார்.
யாரும் ஏறாத படி.
யாரும் இறங்காத படி.
ராத்திரி பகல் விக்கலில்லாமல்
எங்கோ ஒரு கிடங்குக்கு ஏறிக்கொண்டிருந்தது.
மூன்றாவது படியில் ஒரு பல்லி.
வால் நெளிவுகூட விட்டுப்போகவில்லை.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன்.
வாடகை இன்னும் ஏறவில்லை.
நோட்டில் கடைசி வரி: ஏற்றம், ஒன்பது புள்ளி நாலு.

அடுத்த வாரம் ஜெரால்டு தையல் காட்ட வந்தார்.
நனைக்கக் கூடாது, என்றேன்.
கூடாது முழுசாக வந்ததா, என்று கேட்டேன்.
அவர் கட்டைவிரலை உதட்டருகே வைத்தார்.
அப்படியே இருந்தார். இமைகூட அசையவில்லை.
போச்சு, என்று ஒயரைத் தொட்டுப் பார்த்தேன்.

அப்புறம் சிரித்தார்.