தூக்கம் லேசு

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்:
பிறர் பிள்ளையைப் பராமரிக்க
உங்களிடம் என்ன தகுதி?
கெமி நகரில் இருபது ஆண்டு பேருந்து ஓட்டிய ஐலா
இரண்டே சொல் எழுதினாள்:
தூக்கம் லேசு.

வந்தவன் ஓஸ்கு. வயது ஏழு.
சாம்பல் ஸ்வெட்டரைக் கழற்றவே மாட்டான்.
மூன்றாம் வாரம் அதில் மீன்சூப் கொட்டியது.
சலவை இயந்திரத்தைத் திறந்தவள்
அவன் முகத்தைப் பார்த்து மூடிவிட்டாள்.
ஈரத்துணியால் கறையை மட்டும் ஒற்றியெடுத்தாள்,
சிகரெட்டும் மலிவு ஷாம்பூவும் கலந்த
ஓர் அம்மாவின் வாசனை
கலையாமல்.

தன் வீடுதான் என்றாலும்
அவன் அறைக்கதவைத் தட்டுவாள்.
"வராதே" என்றால்
வெளியிலேயே உட்கார்ந்து
உருளைக்கிழங்கு உரிப்பாள்.

ஒருநாள் நீலத் தட்டைச் சுவரில் அடித்தான்.
"கால்ல குத்திடுச்சா?"
அவ்வளவுதான் கேட்டாள்.

இரவு மூன்று மணிக்குப்
படிக்கட்டில் ஒரு பலகை முனகும்.
அவன் கீழே வருவதற்குள்
சமையலறையில் விளக்கு எரியும்.
கேள்வி கிடையாது.
பால் சூடாக இருக்கும்.

ஞாயிறு நாலு மணிக்கு
அவன் அம்மாவின் அழைப்பு வரும்.
போனை அவனிடம் நீட்டிவிட்டு
பூட்ஸ் மாட்டிக்கொண்டு
பனி அள்ளக் கிளம்பிவிடுவாள் ஐலா.

பனி பெய்யாத ஞாயிறுகளிலும்.