பெயர்ச்சீட்டு

நாற்பத்தொன்றாம் வழித்தடத்தில்
பதினாறு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறேன்.
லேர் ஊரை விட்டு ஏழாவது நிறுத்தம் தாண்டினால்
புல்வெளி நடுவே மூன்று கண்ணாடி வீடுகள்,
வீப்கே ஹார்ம்ஸின் ஆர்க்கிட் பண்ணை.
டிசம்பர் காலை ஐந்தே முக்காலுக்கு
வேறெதுவும் புலப்படாத இருட்டில்
மூன்றும் மஞ்சளாய் எரியும்.
மூடுபனி நாட்களில் அதை வைத்துத்தான்
வளைவு எங்கே என்று கண்டுகொள்வேன்.

எரிவாயு விலை ஏறிய குளிர்காலத்தில்
மூன்று இரண்டானது.
சூடு கேட்கும் செடிகளை முதலில் விற்றாள்.
அடுத்த வருடம்
ஒன்று.

சனிக்கிழமை வேலை இல்லாவிட்டால் போவேன்.
காபி தருவாள்.
கொசு அளவு பூ ஒன்றை உருப்பெருக்கியில் காட்டி
"இது பூக்க ஏழு வருடம்" என்பாள்.
முப்பத்தெட்டு யூரோ.
தலையாட்டிவிட்டுப் படம் எடுப்பேன்,
சீட்டில் இருக்கும் பெயரையும் சேர்த்து.
வெளியே வந்து, காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு
அந்தப் பெயரைக் கைப்பேசியில் தேடுவேன்.
பத்தொன்பது யூரோ. நாளை மறுநாள் வீட்டு வாசலில்.
இதை யாரிடமாவது சொல்லத்தான் வேண்டும்.

பேருந்திலும் ஏறும் ஆர்க்கிட்கள்,
வெள்ளி மாலை, பிளாஸ்டிக் உறைக்குள்,
பாலும் பூனைத் தீனியும் வாங்கிய பையில்.
ஒரு யூரோ குறைவாகப் பத்து.
சீட்டில் "ஆர்க்கிட்" என்று மட்டும் இருக்கும்,
குழந்தைக்குக் "குழந்தை" என்றே பெயர் வைத்த மாதிரி.
ஆனாலும் பிரேக் போடும்போதெல்லாம்
காம்பின் நுனியை அவர்கள்
உள்ளங்கையால் மறைக்கும் விதத்தைப் பார்த்தால்
குறை சொல்ல வாய் வராது.

நானும் வாங்கினேன் ஒன்று. நீலம்.
பள்ளிக்கூட மை நீலம்.
மறுவருடம் வெள்ளையாகப் பூத்தது.
வெட்கத்தோடு வீப்கேயிடம் கொண்டுபோனேன்.
காம்பில் ஊசி ஏற்றிய தழும்பைத் தடவிப் பார்த்தாள்.
"சாயம் போச்சு, செடி பிழைச்சிருக்கு,
உனக்கு லாபம்தான்"
என்று சிரித்துக்கொண்டே தொட்டி மாற்றினாள்.
மரப்பட்டைத் தூளுக்கு மட்டும் காசு வாங்கினாள்.

மார்ச் மாதக் கடைசி சனி, பாதி விலை.
சாலையின் இருபுறமும் கார்கள்.
பேருந்து நுழைய வழியில்லை, பதினொரு நிமிடத் தாமதம்.
"இவ்வளவு பேரும் இத்தனை நாள் எங்கே இருந்தார்கள்?"
என்றார் முன்னிருக்கைப் பெரியவர்.
நான் கண்ணாடியில் பின்பக்கம் பார்ப்பதுபோல் இருந்தேன்.

வேலை முடிந்து போனபோது
மேசைகள் வழித்துத் துடைத்ததுபோல் காலி.
தரையில் பாசி, உடைந்த மூங்கில் குச்சி,
யாரோ மறந்துவிட்டுப்போன ஒற்றைக் கையுறை.
மேசைக்கு அடியிலிருந்து ஒரு தொட்டியை எடுத்தாள்.
அந்தக் கொசுப்பூச் செடி.

"முப்பத்தெட்டு" என்றாள்.
"இன்று பாதி விலை இல்லையா?"
"உனக்கு இல்லை."
பிறகு, கையைத் துடைத்துக்கொண்டே,
"பத்தொன்பதுக்கு வாங்கினாயே, பூத்ததா?"

காது சுட்டது.
இலையின் படத்தை நான்தான் காட்டியிருக்கிறேன்,
ஏன் மஞ்சளாகிறது என்று கேட்க.
"அது வேறு செடி. உனக்கு வந்தது பொய்ச்சீட்டு.
சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவாய்,
வழியிலேயே செத்துப்போகும்.
அதனால் சொல்லவில்லை."

நாற்பதைக் கொடுத்தேன்.
இரண்டு யூரோவை எண்ணித் திருப்பித் தந்தாள்.
புதுச் சீட்டில் பென்சிலால் எழுதினாள்,
பேனா வெயிலில் வெளுத்துவிடுமாம்.

எம்டனில் தம்பி வீட்டில் இருக்கிறாள் இப்போது.
எண் இருக்கிறது, கூப்பிட்டால் எடுப்பாள்.
செடி என் சமையலறை ஜன்னலில்.
மூன்று இலை உதிர்ந்துவிட்டது.
கூப்பிடவில்லை இன்னும்.

மூடுபனியில் வளைவு எங்கே என்று
பேருந்தின் திரை சொல்கிறது.
சரியாகத்தான் சொல்கிறது.
நான்தான் அந்த இடத்தில்
வேகத்தைக் கொஞ்சம் அதிகமாகவே குறைக்கிறேன்.