வாயின் அளவு

லிபோர் தன் புலிமீனைக்
குழந்தைகள் குளிக்கும் தொட்டியில் கொண்டுவந்தான்.
மூடி இல்லை, மேலே ஓர் ஈரத் துண்டு.
ஒஸ்த்ராவாவில் அன்று கொட்டிய பனியில்
டிராம் ஓடவில்லை,
ஓட்டுகிற நானே நடந்துதான் வந்திருந்தேன்.
"மிலுஷா சொல்லிவிட்டாள்" என்றான்.
என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

மூடிய சுரங்கத்தின் உடைமாற்றும் கூடம் இது,
வாடகை குறைவு.
கூரையிலிருந்து இன்னும் சங்கிலிகள் தொங்குகின்றன.
இறங்கப் போகிறவர்கள் வெள்ளைச் சட்டையைக் கொக்கியில் மாட்டி
மேலே இழுத்துப் பூட்டிவிட்டுப் போன சங்கிலிகள்.
முப்பத்தேழாம் கொக்கியில் என் வலை.
அதன் கீழே மூவாயிரம் லிட்டர்.
அதில் அரோவனா,
மேல்நீருக்கு ஆறு வருடமாய் ஒரே பட்டாதாரர்.
கீழே பார்த்துப் பார்த்தே ஒரு கண் சரிந்தவர்.

கூட்டு சேர்க்கக் கணக்கு உண்டு.
மேல்நீர் ஒருவருக்கு, அடிநீர் ஒருவருக்கு,
நடுநீர், நின்ற இடத்தில் நிற்கத் தெரிந்தவருக்கு.
வாய்க்குள் அடங்குவது எதுவும் துணை இல்லை, இரை.
நீளத்தைப் பார்த்து ஏமாறாதே, உயரத்தைப் பார்.
தட்டுபோல் அகன்றவன் பிழைப்பான்,
விலாங்குபோல் நீண்டவனை உறிஞ்சிவிடுவார்கள்.

புலிமீன் நாற்பது சென்டிமீட்டர்.
மஞ்சளில் கறுப்புப் பட்டை,
பயந்தால் முழுக்கக் கரி.
முதல் வாரம் இந்த ஊரின் பழைய நிறத்திலேயே கிடந்தது.

புதியவர் வரும் இரவில்
பழையவரின் வீட்டையும் கலைத்துவிட வேண்டும்.
வேர்க்கட்டையை இந்தக் கோடிக்கு நகர்த்தினோம்,
கற்களைப் புரட்டினோம், விளக்கை அணைத்தோம்.
விடிந்தபோது இருவருக்குமே அது அசலூர்,
எதற்கென்று சண்டை போடுவது?
அன்றுதான் லிபோரும் மடக்குக் கட்டிலை விரித்தான்.
என் கெட்டில் ஜன்னலோரம் போயிருந்தது.
நான் எதுவும் சொல்லவில்லை.

அடிநீர் காலியாக இருந்தது.
காலி இடம் என்னை உறுத்தும், என் வியாதி அது.
கடைக்காரி ஹெட்விகா ஒரு கவசக் கெளுத்தியைக் காட்டி
"இவன் யாரோடும் ஒத்துப்போவான்" என்றாள்.
கண்ணாடியில் அடிக்கோலை வைத்துப்
புலிமீனின் வாயை அளந்தேன். மூன்று.
கெளுத்தியின் தலை நான்கு.
போதும் என்று நினைத்தேன்.

இரவு டெப்போவில் இருந்தபோது போன்.
"ராடிம், உன் கெளுத்தி
என் மீனின் வாயில் இருக்கிறது."
உன், என்.
ஐந்து வாரத்தில் முதன்முறையாக.

நான் அளந்தது மூடிய வாயை.
திறக்கும்போது அது
மடித்த பயணக் கோப்பைபோல் வளையம் வளையமாக
முன்னே நீளும் என்பது
எனக்குத் தெரியாததா?
விழுங்க முடியுமா என்று கேட்டேன்.
துப்ப முடியுமா என்று கேட்கவில்லை.
உள்ளே போன கெளுத்தி
இரண்டு முள்ளையும் விரித்துத் தாழ்போட்டுவிட்டது.
யார் யாரைப் பிடித்திருந்தார்கள் என்று
அந்த வெளிச்சத்தில் சொல்ல முடியவில்லை.

அதே ஈரத் துண்டு.
லிபோர் அழுத்திப் பிடித்துக்கொண்டான்,
அவன் கை நடுங்கியது, மீன் நடுங்கவில்லை.
கம்பி வெட்டும் குறடால் முள்ளை நறுக்கினேன்.
நகம் வெட்டுகிற சத்தம்தான்.
மேலே பட்டாதாரர்
ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப்
போய்க்கொண்டிருந்தார்.

யாரும் சாகவில்லை.
கெளுத்தி குழாய்க்குள், ஒரு பக்கம் முள் குறைந்து.
புலிமீனின் கடைவாயில் வெள்ளைத் தழும்பு,
ஆனால் மஞ்சள் திரும்பிவிட்டது.
இரவில் தீனி போட்டால் இருவரும் வருகிறார்கள்,
நடுவில் ஒரு முழம் விட்டு.
அந்த முழத்தை நான் வைக்கவில்லை.

மார்ச்சில் மிலுஷா கூப்பிட்டாள்.
கட்டிலை மடித்தான், மீனை விட்டுப் போனான்.
"பழகிவிட்டது, கலைக்காதே" என்றான்,
மீனைத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன்.

முப்பத்தெட்டாம் கொக்கியில் அவன் மேல்சட்டை
இன்னும் கூரையோரம் தொங்குகிறது.
இறக்கவில்லை.
வெள்ளிக்கிழமை இறாலோடு வருவான்.
கெட்டில் ஜன்னலோரமே இருக்கிறது.